"இதுல கந்தும் இருக்கா?"

விடியற்காலை நாலே முக்காலுக்கு எங்கள் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் மலைப்பக்கத்துக் குளிர்காற்று உள்ளே வரும். மனைவி தாதி. இரவு வேலை முடிந்து அவள் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். பிள்ளைகளின் பள்ளி வேனோ ஆறே முக்காலுக்குக் கீழே வந்து நிற்கும். அதனால் இந்த இரண்டு வருடமாகப் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் டப்பா கட்டுவது என் வேலை.

இன்றைக்கு இடியப்பம். எங்கள் ஊரில் புட்டுமாயம் என்றால்தான் எல்லா இனத்தாருக்கும் புரியும். வறுத்த அரிசி மாவில் தளதளவெனக் கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றினால் மாவு சேராது. அச்சில் பிழியும்போது நூல் அறுந்து அறுந்து விழும். கோதுமை மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாலே போதும், இழுத்த இழுப்புக்கு வரும், ரொட்டி சானாய் போடுகிறவர் காற்றில் வீசினாலும் கிழியாது. அந்த இழுவையைக் கொடுப்பது குளூட்டன் என்கிற புரதம். அரிசியில் அது கிடையாது, அதனால் கொதிநீர்தான் மாவை வேகவைத்துப் பிடிப்புக் கொடுக்கிறது. என் மகளின் உடம்பு ஏற்காத பொருளும் அதே குளூட்டன்தான். கரண்டிக் காம்பால் மாவைக் கிளறும் ஒவ்வொரு காலையும் இது என் நினைவுக்கு வரும்.

அவளுக்கு இப்போது ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு. ஏழு வயதில் வகுப்பிலேயே சின்னப் பிள்ளையாக இருந்தாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் உப்பி இருக்கும். பூச்சி மருந்து கொடுத்தோம். இரும்புச் சத்து மருந்தை ஆறு மாதம் விடாமல் கொடுத்தோம், ரத்தம் ஏறவே இல்லை. அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர், "ரொட்டியை நிறுத்திப் பாருங்க, இந்தக் காலத்துல பல பேருக்கு ஒத்துக்கல" என்றார். நிறுத்தினோம். மூன்று வாரத்தில் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. சந்தோஷமாகக் குழந்தைகள் குடல் மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோதுமையை நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடலாம், பரிசோதனை முடியும்வரை மறுபடியும் கொடுங்கள் என்றார்.

அந்த வாரங்களை என்னால் மறக்க முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பிள்ளைக்குத் தெரிந்தே ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். இதைப் படிக்கிற யாராவது தங்கள் பிள்ளைக்கு இப்படி இருக்குமோ என்று சந்தேகப்பட்டால், தயவுசெய்து பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள். முதலில் ரத்தம் எடுக்கட்டும். எங்களைப் போல ஒரே துன்பத்தை இரண்டு முறை பட வேண்டாம்.

சீலியாக் என்று உறுதியானது. குடலின் உள்சுவரில் வெல்வெட் துணியின் பஞ்சு மாதிரி நுண்ணிய விரல்கள் இருக்கின்றன. சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சுவது அவைதான். கோதுமை, பார்லி, ரை இவற்றின் குளூட்டன் உள்ளே போனதும் இவள் உடம்பின் தற்காப்புச் சக்தி தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது, விரல்கள் மழுங்கிப் போகின்றன. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து. உடன்பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு உண்டு என்பதால் சின்னவனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

மருத்துவர் அன்று ஒரு கதையும் சொன்னார். ஹாலந்தில் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். இந்த நோய்க்குக் கோதுமை காரணமாக இருக்கலாம் என்று போருக்கு முன்பிருந்தே கவனித்து வந்தவர். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம், ரொட்டி கிடைப்பதே அரிது. ஊரே பட்டினியில் மெலிந்தபோது அவரிடம் இருந்த இந்த நோய்ப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடியும் படுத்தார்கள். அவருடைய சந்தேகம் அப்படித்தான் வலுப்பட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என் பாட்டியின் ஞாபகம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்குக்குள் நுழைந்ததிலிருந்து 1945இல் போகும்வரை அரிசிக்குப் பஞ்சம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றதாகப் பாட்டி சொல்வார்கள். அதன்பிறகு சாகும்வரை பாட்டி மரவள்ளியைத் தொடவில்லை. ஹாலந்துப் பிள்ளைகள் ரொட்டி இல்லாமல் தேறிய அதே காலத்தில் பாட்டி தின்று வெறுத்த கிழங்கில், என் மகளுக்கு ஆகாதது எதுவும் இல்லை. இப்போது மாதத்தில் மூன்று நான்கு நாள் அவள் டப்பாவில் அவித்த மரவள்ளி இருக்கும், தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவி. பாட்டி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

ஆரம்பத்தில் எல்லாரையும் போல நானும் ரொட்டிக்கு மாற்று ரொட்டி தேடித்தான் அலைந்தேன். பேரங்காடியின் உறைபெட்டியில் குளூட்டன் இல்லாத ரொட்டி கிடைக்கிறது. சிறிய ரொட்டி, இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். சுட்டுக் கொடுத்தால் சாப்பிடலாம். காலையில் வெண்ணெய் தடவி டப்பாவில் வைத்தால் பத்து மணிக்கு உதிர்ந்து தூளாகிக் கிடக்கும். "நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டால் என் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டுவாள். டப்பா பாதி அப்படியே திரும்பி வரும்.

ஒரு நாள் அம்மாதான், "ஏன்யா, நம்ம வீட்டுல இல்லாத அரிசியா?" என்று கேட்டார்கள். உண்மைதானே. இட்லி, தோசை, இடியப்பம், புட்டு, கொழுக்கட்டை, தயிர்ச்சோறு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், அரிசிச் சேமியாவான மீஹூன். நாங்கள் பாதி நாள் கோதுமை இல்லாமல்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றோடு மாற்று ரொட்டி தேடுவதை விட்டேன்.

ஆனால் அரிசிச் சாப்பாடு என்ற நம்பிக்கையே எங்களை ஏமாற்றியது. ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புக் கூறுகள் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே போகிறது என்றார் மருத்துவர்.

நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கிளீன் ரூமில் வேலை பார்க்கிறேன். தலை முதல் கால்வரை மூடிய உடை, கையுறை, முகமூடி. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று விழுந்தாலும் பொருள் கெட்டுவிடும். ஒரு தொகுதி கெட்டுப் போனால், கடைசிப் படியிலிருந்து முதல் படிவரை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போவோம். அதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் உட்கார்ந்தேன். அலமாரியில் இருந்த அத்தனை டப்பாவையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் எழுத்தையும் படித்தேன். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கறித்தூள், கடுகு. ஏதும் இல்லை. அப்புறம் பெருங்காயம். விரல் நீள டப்பா, அதில் எறும்பு அளவு எழுத்து. பிசின், கோதுமை மாவு, பெருங்காயம்.

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் இப்படித்தான். சுத்தப் பெருங்காயம் காரம் தாங்காது, அதனால் மாவும் பிசினும் கலந்து கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். டப்பாவில் தெளிவாக எழுதித்தான் இருந்தது. நாற்பது வருடமாக வீட்டில் புழங்குகிற பொருளை யார் திருப்பிப் படிப்பது? சாம்பார், ரசம், இட்லிப்பொடி எல்லாவற்றிலும் அது இருந்தது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பேத்தியின் வயிறு உப்பும்போதெல்லாம் வாயு கலையட்டும் என்று அம்மா மோரில் ஒரு சிட்டிகை கூடுதலாகக் கரைத்துக் கொடுத்து வந்தார்கள்.

நான் சொன்னதும் அம்மா எதுவும் பேசவில்லை. டப்பாவைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்த்தார்கள். எழுத்து அவர்களுக்குத் தெரியவில்லை. "நானே புள்ளைக்கு ஊட்டிருக்கேனே" என்று அழுதார்கள். ரொம்ப நேரம் ஆனது சமாதானப்படுத்த. அன்று சாயங்காலமே பொடி, வடகம், ஊறுகாய் எல்லாம் வெளியே போயின. இப்போது எங்கள் ரசத்தில் பெருங்காயம் கிடையாது. பூண்டும் சீரகமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அந்தத் தாளை அம்மா சாமி மேடையில் வைத்திருக்கிறார்கள்.

குளூட்டன் இல்லாத உணவு என்று உறையில் போட வேண்டுமானால் உலக அளவில் ஏற்ற வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். நம் கண்ணும் கையும் அளக்கக் கூடிய அளவு இல்லை அது. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்த்தால் போச்சு. ஆட்டா சலித்த சல்லடையில் அரிசி மாவு சலித்தாலும் போச்சு. முதலில் இரண்டு கல், இரண்டு சல்லடை என்று பிரித்து வைத்துப் பார்த்தோம். மாவுத் தூசிக்கு என்ன பிரிவினை? பறந்து போய் எங்கும் உட்கார்ந்துகொள்கிறது. வேலையிடத்தில் அதைத் தினமும் பார்க்கிறவன் நான். கடைசியில் வீட்டுக்குள் கோதுமையே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பழைய தோசைக்கல்லைக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டோம். அரிசியையும் வெளி மில்லில் அரைக்கக் கொடுப்பதில்லை, முன்னால் யார் கோதுமை அரைத்தார்களோ தெரியாது. வீட்டு மிக்சியில்தான். சின்னவன் பள்ளிக் கெண்டீனில் ரொட்டி சாப்பிட ஆசைப்பட்டால் சாப்பிடட்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் கைகழுவ வேண்டும், அவ்வளவுதான்.

கடைச் சாமான்களுக்கு நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைப்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் உறையில் சொல்லியாக வேண்டும். அதனால் பெரியவளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்த மலாய்ச் சொல் கந்தும், கோதுமை. அப்புறம் பார்லி, பார்லியை முளைகட்டிச் செய்யும் மால்ட். கிச்சாப் என்கிற சோயா சாஸில் பெரும்பாலும் கந்தும் இருக்கும், அதனால் மீஹூன் பிரட்டும்போது கோதுமை சேராத கிச்சாப்பாகத் தேடி வாங்குகிறோம். அது இல்லாத நாளில் உப்பும் வெள்ளை மிளகும் போதும். புளுட் என்கிற ஒட்டரிசி ஒட்டுவதைப் பார்த்து அதில் குளூட்டன் இருக்குமோ என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை, அந்தப் பசை மாவுச்சத்தினால் வருவது.

பெரியவளைக் குழப்பிய ஒரு சொல் கஞ்சி. பிஸ்கட் உறையில் 'கஞ்சி' என்று மலாயில் போட்டிருந்ததைப் பார்த்து, "பா, இதுல கஞ்சி ஊத்திருக்காங்களா?" என்று கேட்டாள். நம் கஞ்சிதான் கடல் கடந்து மலாய்க்குப் போய் மாவுச்சத்து என்ற பொருளில் நிற்கிறது. கஞ்சி ஜாகோங் என்றால் சோள மாவு, சாப்பிடலாம். கஞ்சி கந்தும் என்றால் கீழே வைத்துவிட வேண்டும். வெறும் கஞ்சி என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று தெரியும்வரை தொட வேண்டாம். கடையில் அவள் இப்போது உறையைத் திருப்பி விரலால் தடவிப் படிக்கிற அழகைப் பார்க்க வேண்டும்.

சரி, டப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு நேரம் இருபது நிமிடம். அதில் கைகழுவி, இடம் பிடித்து, சாப்பிட்டு, கழிவறைக்கும் போய் வர வேண்டும். புட்டு வைத்துப் பார்த்தேன். உதிர்ந்து சட்டையெல்லாம் ஆகிறது, பாதியில் மணி அடித்துவிடுகிறது. தோசை ஆறினால் தோல் மாதிரி. கொஞ்சம் கெட்டியாக வார்த்து, சூட்டோடு நல்லெண்ணெய் தடவி, வாழையிலையில் சுருட்டி வைத்தால் பத்து மணிக்கும் மெதுவாக இருக்கிறது. சின்ன இட்லிகளைப் பொடியிலும் எண்ணெயிலும் புரட்டி வைத்தால் ஒன்றுகூட மீதி வராது. ஆறு மணிக்குக் கட்டி மூடுகிற எதுவும் நம் வெயிலுக்கு நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். தேங்காய்ப்பால் சோறு என்றால் விசிறிக்குக் கீழே பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே மூடுவேன். ஆவியோடு மூடினால் மூடியில் தண்ணீர் கோத்து, ஓய்வு நேரத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். கரண்டியையும் வீட்டிலிருந்தே வைத்துவிடுகிறேன். கெண்டீன் கரண்டி கோதுமை நூடுல்ஸான மீ கோரெங்கைக் கிளறிவிட்டு வந்திருக்கும்.

சின்னவனுக்கும் அதே டப்பா, அதே சாப்பாடு. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரே வீட்டிலிருந்து போகும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியின் டப்பா மட்டும் வேறாக இருக்கக் கூடாது.

பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் மைலோ வண்டி வந்தது. அந்தப் பச்சை வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்காமல் வளர்ந்த மலேசியப் பிள்ளை யார்? சின்னக் காகிதக் குவளையில் குளிர்ந்த மைலோ, அந்த ருசி வீட்டில் கலக்கினால் வராது. அதில் பார்லி மால்ட் இருக்கிறது. முந்தின நாளே அவளிடம் சொல்லிவிட்டேன். கோக்கோவும் பாலும் பனைவெல்லமும் கலந்து, ஐஸ் போட்டுத் தெர்மோசில் கொண்டு போயிருந்தேன். நூறு மீட்டர் ஓடிவிட்டு வந்தவள், வரிசையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பா, எனக்கும் காகிதக் கப்புல ஊத்திக் குடுங்க" என்றாள். நான் காகிதக் குவளையைப் பற்றி யோசித்திருக்கவில்லை. ஆசிரியை ஒருவர் மேசையிலிருந்து புதுக் குவளை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கையில் பிடித்துக்கொண்டு தோழிகள் நடுவில் போய் நின்றாள். அன்றிலிருந்து வீட்டில் காகிதக் குவளை ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த இரண்டு வருடத்தில் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது அடுக்களை வேலை இல்லை. பகிர்ந்து சாப்பிடு என்று சொல்லித்தான் நாம் பிள்ளை வளர்க்கிறோம். ஒரு முறுக்கு என்றாலும் நாலாக உடைத்துக் கொடு என்றுதான் என் அப்பா எனக்குச் சொன்னார். நானோ என் மகளிடம், யார் எது கொடுத்தாலும் வாங்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் வாரம் ஒரு தோழி, கோதுமை மாவில் செய்யும் கறிபாஃப்பில் பாதியைப் பிய்த்து நீட்டியிருக்கிறாள். இவள் வேண்டாம் என்றதும் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டதாம். "நான் அவள வேணாம்னு சொல்லலப்பா, கறிபாஃப்பத்தான் வேணாம்னு சொன்னேன். அவளுக்குப் புரியல" என்று இரவு படுக்கும்போது சொன்னாள். என்னிடம் பதில் இல்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவைப் பெரிதாகக் கட்டினேன். பூரணக் கொழுக்கட்டை பன்னிரண்டு. பச்சரிசி மாவு, தேங்காய், ஏலக்காய், நாட்டுச் சர்க்கரை. "நீ குடு, நீ குடுத்ததை எல்லாரும் சாப்பிடட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். வாங்க முடியாது என்றாலும் கொடுக்கத் தடை இல்லையே. காலி டப்பாவோடு வந்தாள். இப்போது வெள்ளிக்கிழமை என்றால் அவள் மேசையில் கூட்டம். ஒரு வாரம் மரவள்ளி, ஒரு வாரம் ராகிப் புட்டு உருண்டை, ஒரு வாரம் புளுட். கறிபாஃப் தோழிக்குக் கொழுக்கட்டைதான் பிடிக்குமாம், அவளுக்கென்று ஒன்று தனியாக எடுத்து வைப்பது பெரியவளின் வழக்கம்.

போன மாதம் அந்தத் தோழிக்குப் பிறந்தநாள். மூன்று நாள் முன்னால் அவளுடைய அம்மா எனக்கு அழைத்தார்கள். "அண்ணா, கேக்கு அவ சாப்பிட முடியாதுன்னு எங்க புள்ள சொல்லுச்சு. அகார் அகார் செய்யலாமா? சட்டி புதுசா வாங்கிட்டேன்" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. செய்யலாம் தங்கச்சி, தாராளமாகச் செய்யலாம் என்றேன். பத்து நிமிடம் கழித்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. கஸ்டர்ட் மாவு டப்பாவின் பின்பக்கம். ஒரு சொல்லைச் சிவப்பு வட்டமிட்டு, இது பரவாயில்லையா என்று கேட்டிருந்தார்கள்.

கைப்பேசியைப் பெரியவளிடம் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தாள். "கஞ்சி ஜாகோங்பா. சோளம்" என்றாள், பதிலையும் அவளே குரலில் பேசி அனுப்பினாள்.

விருந்தன்று மூன்று துண்டு சாப்பிட்டிருக்கிறாள். நான்காவதைக் காகிதத் தட்டில் வைத்து, வீட்டுக்குள் நுழையும்போதே தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.